பேசாமல் ஐந்து நிமிஷம்

கையில் பட்டையைச் சுற்றும் முன்
ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைக்கணும்,
பேச விடக் கூடாது
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
சொன்னவர் எந்த ஊர்க்காரரோ.

முக்கூடலுக்கு மேற்கே எங்கள் தெருவில்
துஷ்டி வீட்டில்கூட
ஐந்து நிமிஷம் யாரும் பேசாமல் இருந்ததில்லை.
மருமகள் வாங்கிய கிரைண்டர் கதை முடியாமல்
வெயிலுகந்தாள் கையை நீட்ட மாட்டாள்.
ஞானசிகாமணி வாத்தியாருக்கு
இரண்டு கையிலும் எடுத்துக் காட்டணும்,
எது குறைவோ அதைத்தான் எழுதணும்.
பிரம்மசக்தியோ நான் கேட்கும் முன்னமே
"ஒரு துண்டு கருவாடுதான் தின்னேன்" என்பாள்,
தட்டைத் தாவணி நுனியால் மூடியபடி
பேத்தி சிரிப்பாள்.

தளவாய் மட்டும் பேச மாட்டார்.
எழுபத்தொரு வயசு.
வாய்க்கால் மடை திறந்து அடைக்கிற வேலை,
இன்னும் விடவில்லை.
காலி அட்டைகளை மடியில் அடுக்கி வைத்திருப்பார்.
முப்பது குழி, முப்பதும் உடைந்திருக்கும்.
மெஷின் மட்டும் மாதாமாதம்
நூற்று எழுபதுக்குக் கீழே இறங்காது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.
இறங்கவில்லை.
"முப்புடாதி, இந்த ஆள் ஏன் இன்னும் சிவப்புல இருக்கார்?"
மேலதிகாரி என் நோட்டில் விரலை வைத்துக் கேட்டபோது
நானே தப்புச் செய்ததுபோல் நின்றேன்.
அவர் வீட்டு உப்புச் சாடியைத் திறந்து பார்த்தேன்.
மாங்காய் ஊறலை மோந்து பார்த்தேன்.
கோழிக்குப் போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன்,
கோழியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் பேனாவை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.
சங்கரவடிவு சொளவை மடியில் வைத்து
பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.
இரண்டு கையிலும் இலையும் தூளும்.
குனிந்த தலையை நிமிர்த்தாமல்
வாயை மட்டும் திறந்தாள்.
தளவாய் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி
அந்த வாயில் போட்டு
செம்பைச் சாய்த்தார்.

என்னைப் பார்த்ததும் செம்பு அப்படியே நின்றது.

"அவளுக்கும் கிறுகிறுன்னு வருதுல்லா" என்றார்.
"ஒருநா எனக்கு, ஒருநா அவளுக்கு.
முறைத் தண்ணி மாதிரி."

ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று
அவளைக் கேட்டேன்.
வியாழக்கிழமை வரிசையில் நின்றால்
ஆயிரம் பீடி போகும் என்றாள்.
அதற்குப் பதில் சொல்ல
எனக்குப் பயிற்சி இல்லை.

சொளவை நகர்த்தி வைத்து
கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினேன்.
அந்தத் தெருவில் அன்றைக்குத்தான்
ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை.
பக்கத்து வீட்டுக் குக்கர்கூட விசிலடிக்கவில்லை.
மெஷின் உறுமி இறுக்கி மெல்ல விட்டது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
தளவாய் எண்ணைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்தார்.
அவள் இலையை எடுத்துக்கொண்டு சொன்னாள்,
"எட்டு பீடி போச்சு."

டாக்டரிடம் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
துடைத்ததையே மறுபடி துடைத்து
அவருக்குக் கூட்டியதைக் குறைத்து எழுதினார்.
அவள் பேருக்குத் தனிச் சீட்டு.

மூன்று மாசத்தில்
தளவாய் பச்சைக்கு வந்துவிட்டார்.
சங்கரவடிவு சிவப்பில், நூற்று அறுபத்து நாலில் இருக்கிறாள்.
போன வருஷமும் இந்தத் தெருவில் ஏழு சிவப்பு,
இப்போதும் ஏழு.
முன்னேற்றம் ஒன்றுமில்லை என்று
மேலதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

இப்போது வியாழக்கிழமை விட்டு
வெள்ளி சாயங்காலம், கடைக்குப் பீடி கட்டிக் கொடுத்த பிறகு
அவள் வீட்டுக்கு நானே போகிறேன்.
கையை நீட்டி உட்காருகிறாள்.
பேசுவதில்லை.
உதடு மட்டும் அசைகிறது,
நாளைக்குச் சுற்ற வேண்டியதை எண்ணுகிறாள்.
பேசக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.
எண்ணுவதைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.